குழந்தை பேச இடம் விடுதல்: பிறப்பு முதல் ஐந்து வயது வரை பேச்சையும் மொழியையும் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தையின் முதல் சொல்லுக்காகக் குடும்பமே காத்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போது மொழி கற்கும் வேலையில் கணிசமான பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். கருவின் ஆறாம் மாத அளவிலேயே காது ஒலிகளை வாங்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து சில நாள்களே ஆன சிசு வேறொரு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலையே கேட்க விரும்புகிறது என்பது 1980இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது: ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு, ஏழு மாதக் குழந்தைகள் இந்தியிலுள்ள ‘த’, ‘ட’ ஒலிகளைப் பிரித்தறிந்தன; முதல் பிறந்தநாள் நெருங்கும்போது அந்தத் திறன் அவற்றிடம் பெரும்பாலும் மங்கிவிட்டது. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு எந்த வேறுபாடு வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒரு சொல்கூடப் பேசாத குழந்தை வரையறுத்துக்கொள்கிறது.

இந்த வேலையில் பெரியவர்களின் பங்கு என்ன? ‘குழந்தையிடம் நிறையப் பேசுங்கள்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. அது தவறில்லை, ஆனால் பாதிதான் சரி. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் மொத்தம் எத்தனை சொற்களைப் பேசினார்கள் என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. ஆகவே இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் குழந்தையைப் பேச வைப்பதைப் பற்றியதன்று. குழந்தையின் முறை வரும்போது அதற்கு இடம் விடுவதைப் பற்றியது.

படி 1: முதலில் காதைப் பாருங்கள்

பேச்சு வளர்ச்சிக்கான எந்த முயற்சிக்கும் முன்பாகக் குழந்தைக்கு நன்றாகக் காது கேட்கிறது என்பது உறுதியாக வேண்டும். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை பிறக்கும்போதே கேள்திறன் குறைவோடு பிறக்கின்றன. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, அதில் ஐயம் எழுந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தும் பரிசோதனை, குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது உதவிக்கருவி என்பது பரவலாக ஏற்கப்பட்ட கால வரம்பு. உதவி எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு மொழி வளர்ச்சி நன்றாக அமைகிறது என்பதால்தான் இவ்வளவு அவசரம்.

பிறந்தபோது பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் கேள்திறன் குறையலாம். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அது நேரலாம்; பரம்பரைக் காரணத்தால் மெல்ல மெல்ல வரலாம்; அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கி, வலியே இல்லாமல் வாரக்கணக்கில் ஒலிகள் மங்கிக் கேட்கலாம். இந்தக் கடைசி வகைதான் பெரும்பாலும் தப்பிவிடுகிறது, ஏனெனில் அந்தக் குழந்தை கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்பும், கூப்பிட்டால் சில நேரம் வரும், சில நேரம் வராது. வீட்டில் உள்ளவர்கள் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. கையசைவின் நிழலுக்கோ காற்றுக்கோ குழந்தை திரும்பியிருக்கலாம். தவிர, கைதட்டல் கேட்கும் காதுக்கு ‘ச’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். பேச்சில் தாமதம் என்ற ஐயம் எந்த வயதில் எழுந்தாலும், ‘இவனுக்கு எல்லாம் கேட்கிறது’ என்று வீட்டில் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், முறையான செவித்திறன் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

படி 2: குழந்தை இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

குழந்தைகள் ஒரே நாளில் ஒரே படியை ஏறுவதில்லை. கீழே வருபவை வரம்புகளே அன்றி, தேதிகள் அல்ல. இரண்டு மாத அளவில் ‘ஆ’, ‘ஊ’ என்று குழைவான உயிரொலிகள் வரும். ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் ‘பபப’, ‘தததா’ என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அடுக்கொலிகள் தொடங்கும். ஒன்பது மாத அளவில் தன் பெயருக்குத் திரும்பும். ஏறத்தாழ ஓராண்டில் கையசைக்கும், வேண்டியதை விரலால் சுட்டும், பொருளோடு கூடிய ஒரு சொல்லைச் சொல்லும் அல்லது சொல்ல முயலும். இரண்டு வயதில் ‘அப்பா வா’, ‘இன்னும் தண்ணி’ என்று இரு சொற்களைத் தானே இணைக்கும். மூன்று வயதில் மூன்று, நான்கு சொற்கள் கொண்ட வாக்கியம் வரும். வெளியாருக்கும் அதன் பேச்சில் பெரும்பகுதி புரியும். நான்கு வயதில், சில ஒலிகள் பிசகினாலும், ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும்.

பேசுவதை மட்டும் எண்ணாதீர்கள். புரிந்துகொள்வது எப்போதும் பேச்சுக்கு முன்னால் ஓடும். அதுதான் அதிகம் சொல்லும் அளவுகோல். ஒன்றரை வயதுக் குழந்தை, நீங்கள் கையால் காட்டாமலேயே ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் எடுத்து வருகிறதா? கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தால்கூட அது ஒரு குறிப்பாகிவிடும் என்பதால், சொல்லும்போது குழந்தையின் முகத்தையே பாருங்கள். சொற்கள் குறைவாக இருந்தாலும் நன்றாகப் புரிந்துகொண்டு, சுட்டிக்காட்டி, சைகை செய்து, உங்களைத் தேடி வந்து காட்டும் குழந்தையின் நிலை வேறு. சொல்லும் குறைவு, புரிதலும் குறைவு, சைகையும் இல்லை என்ற நிலை வேறு. பின்னதற்குக் காத்திருக்கக் கூடாது.

எதைச் சொல்லாகக் கணக்கில் எடுப்பது என்ற குழப்பமும் உண்டு. உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பொருளைக் குறிக்க ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அது சொல்தான். நாயைப் பார்க்கும் போதெல்லாம் ‘வவ்வவ்’ என்றால் அது சொல். பூவுக்கு ‘ப்பூ’ என்றால் அது சொல். பாட்டின் வரியை ஒப்பித்துவிட்டு, அதிலுள்ள எந்தச் சொல்லையும் வேறிடத்தில் பயன்படுத்தாவிட்டால் அவற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

படி 3: முகத்துக்கு நேரே வாருங்கள்

தரையில் உட்காருங்கள். குழந்தையின் கண் உயரத்துக்கு உங்கள் கண் வரட்டும். உங்கள் உதடும் நாக்கும் அசைவது அதற்குத் தெரிய வேண்டும். அதன் பார்வை எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சிறிது நேரம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருந்தபோது, குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கியது. சில மாதக் குழந்தையே பதிலை எதிர்பார்த்துத்தான் தன் முறையை ஆடுகிறது. கைப்பேசித் திரையில் ஆழ்ந்திருக்கும் முகம் அந்த அசைவற்ற முகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று யோசிக்கலாம்.

குழந்தையிடம் பேசும்போது குரல் தானாகவே உயர்ந்து, உயிரொலிகள் நீண்டு, ராகம் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அதற்கு வெட்கப்பட வேண்டாம். அப்படிப்பட்ட பேச்சைக் குழந்தைகள் கூடுதலாகக் கவனிக்கின்றன. ராகம் இருக்கட்டும், சொல் முழுமையாக இருக்கட்டும். குழந்தை ‘தண்ணி’யைத் ‘தன்னி’ என்பது அழகுதான். நீங்களும் அப்படியே சொன்னால் அது சரியான ஒலியைக் கேட்கும் வாய்ப்பு ஒன்று குறைகிறது.

படி 4: குழந்தையின் கண் போகும் வழியில் போங்கள்

பெற்றோர் படப் புத்தகத்தைத் திறந்து யானையைக் காட்டுகிறார்கள். குழந்தையோ சுவரிலுள்ள மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘இங்க பாரு, யானை பாரு’ என்று முகத்தைத் திருப்புவது நம் இயல்பு. அந்த நேரத்தில் குழந்தையின் மனம் சுவிட்சில் இருக்கிறது. ஆகவே அப்போது அதற்கு எளிதில் ஒட்டும் சொல் ‘சுவிட்ச்’, ‘போடு’, ‘சுத்துது’, ‘நின்னுடுச்சு’. குழந்தை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொல்லும் தாய்மாரின் குழந்தைகள் சொற்களை விரைவாகக் கற்கின்றன என்பதை மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபராரும் 1986இலேயே காட்டினார்கள். யானை எங்கும் ஓடிப் போகாது. அடுத்த பக்கத்தில் இருக்கும்.

இந்தப் படியில் இன்னொன்று: பெயர்ச்சொற்களோடு நின்றுவிடாதீர்கள். எழுத்தட்டைகளும் படஅட்டைகளும் பெரும்பாலும் பெயர்களையே கற்பிக்கின்றன. பழங்கள், விலங்குகள், நிறங்கள் என்று நூறு பெயர் சொல்லும் குழந்தைக்கு ‘திற’, ‘கொடு’, ‘போச்சு’, ‘இன்னும்’, ‘மேல’, ‘வேண்டாம்’ போன்றவை இல்லாவிட்டால் இரண்டு சொல் வாக்கியம் கட்ட வழியில்லை. என் கருத்தில், படஅட்டைகள் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

படி 5: காத்திருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பெரியவர்களுக்குள் பேச்சு நடக்கும்போது, ஒருவர் முடித்த நொடியின் சிறு பின்னத்தில் மற்றவர் தொடங்கிவிடுகிறார். சிறு குழந்தைக்கு அது போதாது. கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்ல நினைத்ததைத் தேடியெடுத்து, வாயையும் நாக்கையும் மூச்சையும் ஒருங்கிணைத்து ஒலியாக்க அதற்கு ஐந்து முதல் பத்து நொடி வரை தேவைப்படலாம். நாமோ இரண்டாம் நொடியிலேயே கேள்வியைத் திரும்பக் கேட்கிறோம், மூன்றாம் நொடியில் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். குழந்தையின் முறை அங்கேயே முடிந்துபோகிறது.

காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. இருபது மாதக் குழந்தையின் கையில் மூடி இறுகிய டப்பா. உள்ளே அதற்குப் பிடித்த கட்டைகள். அது மூடியை இழுத்துப் பார்க்கிறது, முடியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் யாராவது டப்பாவை வாங்கித் திறந்து கொடுத்துவிடுவார்கள். இப்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, சற்று முன்னால் சாய்ந்து குழந்தையைப் பார்க்கிறார். ஒன்றும் பேசவில்லை. குழந்தை டப்பாவை உலுக்குகிறது. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. மறுபடி டப்பாவைப் பார்க்கிறது. டப்பாவை அப்பாவின் முழங்காலில் இடித்து ‘ம்ம்’ என்கிறது. அதுதான் அதன் முறை, அதை அப்பா வாங்கிக்கொள்கிறார்: “திறக்கணுமா? திற. அப்பா திறக்கறேன்... திறந்தாச்சு!” கட்டைகளை எடுத்த பிறகு அவர் மூடியை மறுபடி மூடி அதே இடத்தில் வைக்கிறார். இந்த ஆட்டம் சில நாள் நடந்த பிறகு ஒரு பொழுதில் ‘ம்ம்’ இருந்த இடத்தில் ‘தொற’ வரும்.

இதில் எளிதில் பிசகும் இடம் ஒன்று உண்டு. ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பொருளைப் பிடித்துவைத்துக்கொள்வது காத்திருத்தல் ஆகாது. அங்கே குழந்தை கற்பது சொல்லையன்று. பேசுவது என்றாலே ஏதோ தேர்வு என்பதைத்தான். பார்வை, சைகை, முனகல் எதுவாக இருந்தாலும் குழந்தை தன் முறையை ஆடிவிட்டால் பதில் கிடைத்தே ஆக வேண்டும். பத்து நொடி கடந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு, பொருளைக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வாய்ப்புகள் வரும். வேண்டுமென்றே அவற்றை உண்டாக்கவும் முடியும். விளையாட்டுப் பொருளைக் கண்ணுக்குத் தெரியும்படி கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம். ஊஞ்சலை ஆட்டிவிட்டு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளலாம். சட்டையைத் தலைக்குப் பதிலாகக் காலில் மாட்டலாம். தெரிந்த பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி இருக்கலாம்.

படி 6: வந்ததை வாங்கி, ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்

குழந்தை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு, மூன்று சொல்லில் திருப்புங்கள். அது இரண்டு சொன்னால் நீங்கள் நான்கு. குழந்தை ‘கா’ என்கிறது, “ஆமா, கார். பெரிய கார்.” ‘கார் போச்சு’ என்கிறது, “கார் வேகமாப் போச்சு. எங்க போச்சு?” குழந்தை ஏற்கெனவே வைத்த செங்கலின்மேல் அடுத்த செங்கலை வைப்பதால் இது எளிதில் பிடிபடும்.

தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் நம் மொழியில் பொருளின் பாதி சொல்லின் வாலில் இருக்கிறது. குழந்தை ‘அம்மா செருப்பு’ என்று சொல்லும்போது அது ‘அம்மாவோட செருப்பு’ ஆகவும் இருக்கலாம், ‘அம்மா, செருப்பு மாட்டிவிடு’ ஆகவும் இருக்கலாம், ‘அம்மாகிட்ட செருப்பு இருக்கு’ ஆகவும் இருக்கலாம். குழந்தையின் கண்ணும் கையும் எங்கே என்று பார்த்து, நீங்கள் ஊகித்த முழு வடிவத்தைச் சொல்லுங்கள்: “ஆமா, அது அம்மாவோட செருப்பு.” எளிமையாக்குவதாக எண்ணி, வேற்றுமை உருபுகளையும் வினைமுடிவுகளையும் வெட்டி ‘பாப்பா பால் குடி, பாப்பா தூங்கு’ என்று மட்டுமே பேசுவது உதவாது. வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். ஆனால் முழுமையானதாக இருக்கட்டும்.

பிழை திருத்துவதும் இதே வழியில்தான். ‘ததவு’ என்றால் “தப்பு, க-த-வு சொல்லு” என்று நிறுத்தாதீர்கள். “ஆமா, கதவு. கதவைச் சாத்தலாமா? கதவு டொப்புன்னு மூடிச்சு” என்று சரியான வடிவம் மூன்று முறை காதில் விழும்படி பேச்சைத் தொடருங்கள். சொன்ன செய்திக்குப் பதில் கிடைத்தது என்ற நிறைவு குழந்தைக்கு. சரியான ஒலி கேட்டது அதன் காதுக்கு. ‘சொல்லு, சொல்லு’ என்று உறவினர் முன்னால் நிறுத்திவைத்துக் கேட்பதை முற்றிலும் விட்டுவிடுவது நல்லது.

படி 7: அன்றாட வேலைகளுக்குள் மொழியைப் புகுத்துங்கள்

இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டுவது, உடுத்துவது, துணி மடிப்பது, படுக்கை விரிப்பது எல்லாம் ஒரே வரிசையில் நாள்தோறும் திரும்ப வருபவை. அதனால் அவற்றில் வரும் சொற்களும் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் செய்வதைச் சொல்லலாம்: “துணியை மடிக்கறேன். இது சின்னது. இது ஈரமா இருக்கு.” குழந்தை செய்வதைச் சொல்லலாம்: “கையை விட்டுட்ட. இன்னொரு கை எங்க? அதோ வந்துடுச்சு.” மேலே, கீழே, உள்ளே, வெளியே, காலி, நிறைய, சூடு போன்ற சொற்கள் இங்கேதான் பொருளோடு கற்கப்படுகின்றன. ஆனால் கிரிக்கெட் வர்ணனைபோல் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனால் ஐந்தாம் படி காணாமல் போய்விடும். ஒரு வாக்கியம், பிறகு ஓர் இடைவெளி.

கேள்விகளைக் குறைத்துக்கொள்வதும் இங்கே சேரும். ‘இது என்ன? அது என்ன நிறம்? மாடு எப்படிக் கத்தும்?’ என்பவை விடை தெரிந்தே கேட்கப்படும் கேள்விகள் என்பது குழந்தைக்கும் தெரிந்துவிடும். தேர்ந்தெடுக்கும் உரிமை தரும் கேள்வி மேலானது: “நீலச் சட்டையா, சிவப்புச் சட்டையா?” இரண்டையும் காட்டிக் கேட்டால் பதிலுக்குத் தேவையான சொற்களும் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. மூன்று வயதுக்கு மேல் ‘ஏன்’, ‘எப்படி’, ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்பவை கதை சொல்லும் திறனை வளர்க்கும்.

படி 8: புத்தகத்தை வாசிக்காதீர்கள், அதைப் பற்றிப் பேசுங்கள்

அமெரிக்க ஆய்வாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு வாசிக்கும் முறையை மட்டும் மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள்: தாங்கள் படித்துக்காட்டுவதைக் குறைத்து, குழந்தை சொல்வதைக் கேட்டு, அதை விரித்துத் திருப்பிச் சொல்வது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள், வழக்கம்போல் வாசிக்கப்பட்ட குழந்தைகளைவிட மொழித் தேர்வுகளில் முன்னால் இருந்தன. இரு சாராருக்கும் புத்தகம் படிக்கப்பட்டது. வேறுபாடு, யார் பேசினார்கள் என்பதில் இருந்தது.

ஆகவே எழுதியிருப்பதை அப்படியே படித்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்தைத் திருப்புங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள், குழந்தையின் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். விரல் மரத்தின்மேல் இருக்கும் பூனையில் நின்றால் “பூனை மேல ஏறிடுச்சு. எப்படி இறங்கும்?” என்று தொடங்கலாம். ஓராண்டுக் குழந்தை புத்தகத்தைக் கடித்தாலும், பின்னாலிருந்து புரட்டினாலும், இரண்டே பக்கத்தில் எழுந்து போனாலும் குறையில்லை. ஒரே புத்தகத்தை முப்பதாவது முறையாகக் கேட்டால் சலிப்பு உங்களுக்குத்தான். குழந்தைக்கு அடுத்து வருவது தெரிந்திருப்பதால்தான் அது தானே முந்திச் சொல்ல முடிகிறது.

படி 9: திரை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாட்ரிசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு நேரில் வந்து விளையாடியவர் பேசிய சீன மொழியின் ஒலிகள் பிடிபட்டன. அதே ஆள், அதே மொழி, ஆனால் காணொளி வழியே என்றபோது எதுவும் பிடிபடவில்லை. திரை குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. குழந்தை சொன்னதை வாங்கித் திருப்புவதும் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பது உலக சுகாதார அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தொலைவிலுள்ள தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவது வேறு; அங்கே மறுமுனையில் பதில் சொல்லும் ஆள் இருக்கிறார். யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடும் தொலைக்காட்சியைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், ஏனெனில் அது பெரியவர்களின் பேச்சையே குறைத்துவிடுகிறது.

படி 10: இரண்டு மொழி வீடுகள்

இரண்டு மொழிகள் கேட்பதால் பேச்சு தாமதமாகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஒரு மொழியில் இருபது சொல்லும் மற்றொன்றில் இருபத்தைந்து சொல்லும் தெரிந்த குழந்தையை ஒரு மொழியை மட்டும் வைத்து அளந்தால் பின்தங்கியதாகத் தெரியும். இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் குழப்பமன்று. இருமொழிப் பெரியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

பெற்றோர் தங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுவதே சரி. பள்ளிக்கு உதவும் என்று தங்களுக்குத் தட்டுத்தடுமாறி வரும் மொழிக்கு மாறும்போது, ‘கம்’, ‘சிட்’, ‘கிவ்’, ‘நோ’ என்று வீட்டுப் பேச்சு கட்டளைகளாகச் சுருங்கிவிடுகிறது. கதையும் கேலியும் விளக்கமும் வாதமும் எந்த மொழியில் உங்களுக்கு ஊறி வருகிறதோ, குழந்தைக்கு அந்த மொழிதான் வேண்டும். பேச்சில் தாமதம் உள்ள குழந்தைக்கும் வீட்டு மொழியைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை.

படி 11: ஒலிப் பிசகும் திக்கலும்

உதட்டில் பிறக்கும் ‘ப’, ‘ம’ முதலில் வரும். ‘க’வுக்குப் பதில் ‘த’ வருவது மூன்று வயதையொட்டியும் இயல்பே. ‘ர’வும் ‘ழ’வும் கடைசியில் வருபவை, ‘லாஜா’வும் ‘பளம்’ அல்லது ‘பயமும்’ நான்கு வயதில் கவலைக்குரியவை அல்ல. வீட்டிலுள்ள பெரியவர்களில் எத்தனை பேர் ‘ழ’வைச் சரியாகச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் திருத்தலாம். மாறாக, மூன்று வயதில் வெளியாருக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றாலோ, ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக வந்தாலோ, உயிரொலிகளே மாறினாலோ வல்லுநரிடம் காட்ட வேண்டும். நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருப்பது சில குழந்தைகள் பால் உறிஞ்சுவதைக் கடினமாக்கலாம்; சொற்களே வராமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ இருபது குழந்தைகளில் ஒன்று சில காலம் திக்கிப் பேசுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அதிலிருந்து தாமே மீண்டுவிடுகின்றன. ‘மெதுவாப் பேசு’, ‘மூச்சு விட்டுட்டுப் பேசு’, ‘முதல்ல இருந்து சொல்லு’ என்பவை நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், பேசுவதில் ஏதோ தவறு செய்கிறோம் என்பதையே குழந்தைக்கு உணர்த்துகின்றன. நீங்கள் உங்கள் வேகத்தைக் குறையுங்கள்; குழந்தை முடிக்கும் வரை கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்; அதன் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தால், பேசும்போது முகமோ கழுத்தோ இறுகினால், குழந்தை பேசுவதையே தவிர்க்கத் தொடங்கினால் தாமதிக்க வேண்டாம்.

படி 12: உதவி தேட வேண்டிய நேரம்

பன்னிரண்டு மாதத்தில் அடுக்கொலியோ, சுட்டுதல், கையசைத்தல் போன்ற சைகையோ இல்லாமை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை. இருபத்துநான்கு மாதத்தில் தானாக இணைத்த இரு சொல் தொடர் இல்லாமை. பெயர் சொல்லி அழைத்தால் தொடர்ந்து திரும்பாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரையும் பேச்சுமொழி வல்லுநரையும் பாருங்கள். எந்த வயதிலும், வந்த சொற்கள் மறைந்து போனால் உடனே பாருங்கள்.

‘ஆண் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்’, ‘இவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார்’ என்ற ஆறுதல்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு: இரண்டு வயதில் சொற்கள் குறைவாக இருக்கும் குழந்தைகளில் பலர் பின்னர் எட்டிப் பிடிக்கிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை அந்த வயதில் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. வேறு எந்தக் குறையும் இல்லாமல் மொழி மட்டும் தொடர்ந்து கடினமாக இருக்கும் நிலை, பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பதினான்கு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பிற்பாடு அது வாசிப்பிலும் எழுத்திலும் வெளிப்படும். பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஒரு பகல் பொழுது போயிற்று, அவ்வளவுதான்.

முதல் சந்திப்புக்குச் செல்லும்போது செவித்திறன் பரிசோதனை அறிக்கை, குழந்தை தானாகச் சொல்லும் சொற்களின் பட்டியல், அது சொன்ன விதத்திலேயே எழுதியது, வீட்டில் இயல்பாக விளையாடும்போது எடுத்த இரண்டு, மூன்று நிமிடக் காணொளிகள் சில ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். புதிய அறையில் புதிய ஆள் முன்னால் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை என்பதால் அந்தக் காணொளிகள் மிகவும் பயன்படும். மூன்று வயதுக்குக் கீழே, வல்லுநர் பெரும்பாலும் குழந்தைக்குப் பாடம் நடத்த மாட்டார். தரையில் உட்கார்ந்து விளையாடியபடி உங்களுக்குத்தான் கற்றுக்கொடுப்பார். அதைப் பார்த்து ‘வெறுமனே விளையாடுகிறார்கள்’ என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் அடுத்த வாரம் வீட்டில் எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, எதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரம் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதையும் அதே பக்கத்தில் குறித்து அடுத்த அமர்வுக்கு எடுத்து வாருங்கள். சந்திப்புக்கு நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். மூன்று முதல் எட்டு வரையிலான படிகளைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.